ஆடு எங்கே மேயும்?

நேயர்களுக்கு வணக்கம். தேனி மாவட்டத்துப் பள்ளிகளில் 30 வருடத்துக்கு மேல் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். தேவாரம் பக்கம் பொட்டிபுரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆய்வகம் வர வேண்டும் என்ற ஆசை இன்றைக்கும் இருக்கிறது. அது இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூட்ரினோ என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள் அது. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் வழியே ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வந்து கடந்து போகின்றன. உடம்பை ஒன்றும் செய்வதில்லை. பெரும்பாலும் எதிலும் மோதாமல் போவதால் அதைப் பிடிப்பது கடினம். மற்ற கதிர்களின் இரைச்சலை வடிகட்டத் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும். அதனால்தான் மலை. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளக் குகை, குகைக்குள் 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. இதுதான் திட்டம். கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965ஆம் ஆண்டிலேயே நியூட்ரினோவைப் பதிவு செய்த நாடு நம்முடையது. அந்தச் சுரங்கத்தை மூடிய பிறகு நமக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு சாயங்காலம், டீக்கடை வாசலில் நின்று நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகப் போனேன். பத்துப் பதினைந்து பேர் நின்று கேட்டார்கள். கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன், சூரியனைக் காட்டினேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா, என்னைவிட மூத்தவர், கம்பை ஊன்றிக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டார். அப்புறம் சொன்னார்: “வாத்தியாரய்யா, அது ஒண்ணும் பண்ணாதுங்கிறீக. நீங்க சொன்னா சரித்தான். மலையில வெடி வைக்கையில எங்க ஆடு எங்கிட்டு மேயும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “கேட்டுச் சொல்றேன்க்கா” என்றேன். அவர் விடவில்லை. வேலி எதுவரைக்கும் போடுவார்கள்? அம்பரப்பர் மலைக்குச் சாமி கும்பிடப் போகிற பாதை இருக்குமா? வெட்டி எடுக்கிற கல்லை எங்கே கொட்டுவார்கள்? கிணற்றில் ஊற்றுக்கண் அடைபட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? இப்படி வரிசையாகக் கேட்டார். ஒரு கேள்விகூட நியூட்ரினோவைப் பற்றியது இல்லை, நேயர்களே. நான் ஒரு மணி நேரம் பதில் சொன்னது அவர் கேட்காத கேள்விக்கு.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். சிலவற்றுக்குத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில் பதில் இருந்தது. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அம்மாவிடம் பெயர் சொல்லி, தேதி போட்டு, “உங்கள் ஆடு இங்கே மேயும், கிணற்றில் தண்ணீர் குறைந்தால் இன்னாரிடம் வாருங்கள்” என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

இதற்கென்றே நம் நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ளது. 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், கலெக்டர் அல்லது அவர் சார்பில் ஓர் உயர் அதிகாரி தலைமை வகிக்க வேண்டும், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: மக்கள் சொன்னதையெல்லாம் எழுதி, கூட்டம் கலைவதற்கு முன் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஆனால் ஆடு எங்கே மேயும் என்ற கேள்வி அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும். ஏறிவிட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தத் திட்டமோ அந்தக் கூட்டம் தேவைப்படாத வகையில் வைக்கப்பட்டது. அதே அறிவிக்கையில் கட்டடம் கட்டுகிற வேலைகளுக்கான 8(அ) பிரிவில் இதைச் சேர்த்தார்கள். முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்து, யானை வழித்தடம் என்பதால் 2009இல் அனுமதி கிடைக்காமல் இங்கே வந்த திட்டம் இது. இங்கே 2017இல், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பது ஒரு காரணம். 2018இல் மத்திய அரசு இதைச் சிறப்பு நேர்வாக எடுத்து மறுபடி அனுமதி கொடுத்தது. அப்போதும் கருத்துக் கேட்பு இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது.

கூட்டம் வைத்திருந்தால் சண்டை வந்திருக்கும் என்று என் நண்பர்கள் சொல்வார்கள். வந்திருக்கட்டும். நாற்காலி பறந்திருந்தாலும் அந்த அம்மாவின் கேள்வி பதிவாகியிருக்கும். விஞ்ஞானிகள் அந்தக் கூட்டத்தைத் தாங்களே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். விதி விலக்குக் கொடுத்தாலும், எங்களுக்கு விலக்கு வேண்டாம், ஊரைக் கூட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இதை நான் பல இடங்களில் சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்.

நேரம் முடியப் போகிறது என்று நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். இத்தாலியில் கிரான் சாசோ என்ற மலைக்குள் இதே போன்ற ஆய்வகம் இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மலையிலிருந்துதான் சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் போகிறது. 2002இல் அங்கே ஒரு சோதனைக்கான வேதித் திரவம் கொஞ்சம் கசிந்து ஓடையில் கலந்தது. மக்கள் கொதித்தார்கள். ஆய்வகத்தின் ஒரு பெரிய கூடத்தையே அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். அங்கேயும் நியூட்ரினோவுக்கு யாரும் பயப்படவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள். வணக்கம்.