ஹார்மனி ஊர்ப் பள்ளிக்கூடம்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஆண்டு முழுதும் இந்த அரங்கைத் திறந்துவைக்கும் நூலகர் அம்மா அவர்களே, வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். போன ஆண்டும் இதே மேடையில் என்னைப் பேச வைத்தவர் நம் தலைவர். அந்த அன்புக்கு நன்றி.

இனப் பாகுபாடு தனிமனிதர் மனதில் மட்டுமல்ல, சட்டத்திலும் அமைப்புகளிலும் ஊறியிருக்கிறது என்பது விமர்சன இனக் கோட்பாடு. அமெரிக்காவில் பெரிய சண்டையாகிவிட்ட அந்தக் கோட்பாடு எங்கே பிறந்தது, என்ன சொல்கிறது, எதுவரை செல்லும் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பாகுபாட்டைப் பட்டவர் சொல்லித்தான் அதை அறிய முடியும் என்பதுதான் இந்தக் கோட்பாட்டின் வேர். 1989இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் கூடிய சட்ட அறிஞர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

1960களின் தொடக்கம். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் ஹார்மனி என்று ஒரு சிற்றூர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட உதவிய ரோசன்வால்ட் அறநிதியின் உதவியோடு கறுப்பின மக்களே பாடுபட்டுக் கட்டிய பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. அதை மூடிவிட உள்ளூர்க் கல்வி நிர்வாகம் முடிவெடுத்தது. வின்சன் ஹட்சன், டோவி ஹட்சன் என்ற சகோதரிகள் வழக்கறிஞர் டெரிக் பெல்லிடம், எங்கள் பள்ளியைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெல் என்ன சொன்னார் தெரியுமா? கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருக்கும் பள்ளிக்காக நாங்கள் வாதாட மாட்டோம், வெள்ளையர் பள்ளியில் சேர வழக்குப் போடுவதானால் வருகிறோம் என்றார். சரி என்றார்கள். வழக்கும் ஜெயித்தது. 1964இல் முதல் வகுப்புக் கறுப்பினக் குழந்தை ஒருத்தி மட்டும் வெள்ளையர் பள்ளிக்குள் போனாள். ஊரே கட்டிய பள்ளி போனது போனதுதான்.

பிற்பாடு ஹார்வர்டில் பேராசிரியரான பெல், தான் சொன்ன யோசனை சரிதானா என்று பல ஆண்டுகள் தன்னையே கேட்டுக்கொண்டார். வெள்ளையரின் நலனும் சேர்ந்து வரும்போதுதான் கறுப்பினத்தவருக்கு நீதி கிடைக்கிறது என்று 1980இல் எழுதினார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 தீர்ப்பையே அப்படித்தான் பார்த்தார்.

எதுவரை செல்லும் என்றேனே, அந்த எல்லையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டப் பேராசிரியர் ராண்டல் கென்னடியும் பெல்லைப் போலவே கறுப்பினத்தவர், ஹார்வர்டுக்காரர். பட்டவர் எழுத்துக்கே தனி மதிப்பு என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. எழுதுபவரின் இனத்தை வைத்து எழுத்தை எடைபோடக் கூடாது என்று 1989இல் மறுத்தார். தலைவலி யாருக்கு என்பது தெரிந்தால் மட்டும் மருந்து கிடைத்துவிடாதே. நியாயமான கேள்வி.

இதை ஏன் இங்கே பேசுகிறேன்? எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைவு, பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடக்கப்போகும் தாயிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் அவளுக்குத்தானே? வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் பெற்றோர் கூடுகிறார்கள். ஆசிரியப் பெருமக்களே, நீங்கள் அவசியம் வர வேண்டும். மனு எழுத ஆள் வேண்டும்.