சீட் மெத்தென்று இருந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். பெண்களும் விளையாட்டும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சைக்கிள் சீட்டைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லனுக்குப் பழக வரும் பெண் பிள்ளைகளில் நான் பார்த்த வரையில், கடலுக்குப் பயந்து நிற்பவர்கள் குறைவு. சீட்டில் இருக்க முடியாமல் நிற்பவர்கள்தான் கூட. அதை வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். பழக்குபவர் ஆண், கடையில் நிற்பவர் ஆண். "இந்த இடத்தில் நோகுது" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மட்டக்களப்பில் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதினமில்லை. வயலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் லேடீஸ் சைக்கிளில் போய் வந்தவர்கள்தான் நம் அம்மாமார். அதில் நிமிர்ந்து இருப்போம். கதிரையில் இருக்கும்போது அடியில் அழுந்துகிற இரண்டு எலும்புகள் இருக்கின்றனவே, பாரம் முழுக்க அவற்றில் இறங்கும். சீட்டும் அகலம், அடியில் ஸ்பிரிங் வேறு. போட்டிச் சைக்கிளில் கதை வேறு. ஹாண்டிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்ததும் இடுப்பு முன்னால் சரியும். பாரம் அந்த எலும்புகளை விட்டு முன்பக்கத்து மென்மையான இடத்தில் வந்து விழும். மரத்துப்போவதும் எரிவும் வீக்கமும் அங்கேதான் தொடங்குகின்றன.

நம் ஊர் றோட்டும் இதில் ஒரு குற்றவாளி. ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, 10 கிலோமீற்றர் ஓட வேண்டும். அந்த 40 என்பது கிட்டத்தட்ட மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற தூரம். வழியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலைநாட்டில் ஓடுபவர்கள் ஏற்றம் வந்தால் பெடலில் எழுந்து நிற்பார்கள், உடம்புக்கு இடைக்கிடை ஓய்வு கிடைக்கும். நமக்கோ எழும்பக் காரணமே வராது. கச்சான் காற்று எதிரே அடித்தால் இன்னும் குனிந்துவிடுவோம். அதனால் ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்களாகவே எழும்பி நாலு மிதி மிதியுங்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். கடையில் எல்லாரும் செய்வது பெருவிரலால் அமத்திப் பார்ப்பதுதான். மெத்தென்று இருந்தால் நல்ல சீட்டாம்! பக்கத்துத் தெருவுக்குப் போக அது சரி. ஒரு மணித்தியாலம் ஓடினால், எலும்பு இருக்கும் இடம் உள்ளே அமிழ்ந்து, நடுவிலிருக்கும் ஜெல் மேலே பிதுங்கி வந்து, நோகக்கூடாத இடத்தையே போய் அமத்தும். ஜெல் உறையை வாங்கி மேலே மாட்டினாலும் இதே கதைதான்.

பார்க்க வேண்டியது அகலம். அதை வீட்டிலேயே அளக்கலாம். கடையில் சாமான் வரும் தடித்த மட்டைப் பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, சீமெந்துப் படியில் வைத்து, மெல்லிய உடுப்போடு அதன்மேல் இருங்கள். குதியை உயர்த்தி, நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழும்பிப் பார்த்தால் மட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் கையால் தடவிப் பாருங்கள், பிடிபடும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்து, அதோடு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றரைக் கூட்டினால் உங்களுக்குரிய சீட்டின் அகலம் ஓரளவு வரும். சீட்டுகள் 130, 143, 155 மில்லிமீற்றர் என்று பல அளவுகளில் வருகின்றன. பெண்களின் இடுப்பு பொதுவாக அகலம் கூடியது என்றாலும் ஆளுக்கு ஆள் மாறும். "பெண்களுக்கானது" என்று எழுதி ரோஸ் நிறம் பூசியிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

ஆனால் அந்த அளவு நிமிர்ந்தும் அரைவாசி குனிந்தும் ஓடுவதற்குத்தான். ஏரோ பாரிலேயே கிடப்பவர்களுக்குச் சீட்டின் மூக்கு, அதாவது முன்னால் ஒடுங்கி நீளும் பகுதி, எப்படி என்பதுதான் முக்கியம். நடுவில் நீளமாகக் குழி விட்ட சீட் பலருக்குப் போதும். அதுவும் சரிவராவிட்டால் ஐ.எஸ்.எம். என்ற கம்பனியின் சீட் போல மூக்கு குட்டையாகி இரண்டாகப் பிளந்ததைப் பாருங்கள். பார்வைக்கு விசித்திரமாக இருக்கும், முதல் சில நாள் உட்தொடையில் உரசவும் செய்யும். விலையும் கைக்கு அடங்காது. ஆகவே யாரிடமாவது இரவல் வாங்கி, ஒரு நீண்ட ஓட்டம் ஓடிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

புது சீட்டுக்கு முன்னால் பழையதைச் சரியாகப் பூட்டிப் பாருங்கள். சீட் உயரமாக இருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், ஆடினால் தோல் உரியும். குதியைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது கால் நேராக வந்தால் உயரம் ஏறத்தாழச் சரி. மறுகா மூக்கு. மட்டமாக வைத்துத் தொடங்கி, ஒன்றிரண்டு பாகை கீழே இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் வழுக்கி வழுக்கி முன்னே போய், பாரமெல்லாம் கையில் ஏறும்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், வானொலியில் சொல்லக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது, அதன் தையல்தான் உரசும். போட்டிக்குப் போடும் உடுப்பில் பஞ்சு மிக மெல்லிசு, அதோடு கடலிலிருந்து ஈரமாக ஏறுவோம். உப்புத் தண்ணீர் உரசலைக் கூட்டும். நீந்தப் போகுமுன்பே வஸ்லின் பூசிவிடுங்கள். பாசிக்குடாவில் நீந்திவிட்டு அதே ஈர உடுப்போடு சைக்கிளில் ஏறி ஒருநாள் ஓடிப் பாருங்கள், உரசும் இடமெல்லாம் தெரிந்துவிடும்.

பயிற்சி முடிந்ததும் அந்த உடுப்போடு கதைத்துக்கொண்டு நிற்காமல் உடனே மாற்றுங்கள். கட்டி, புண் வந்தால் அது ஆறும்வரை சைக்கிளை விட்டு நீச்சலோ ஓட்டமோ பழகலாம், புண் திறந்திருந்தால் ஓட்டம் மட்டும். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரத்த தன்மை போகாவிட்டால், வீக்கம் சில நாளில் வற்றாவிட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதிலும் தப்பில்லை. நன்றி, வணக்கம்.