கிளாரினெட்டின் கீழ்க்குரல்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண ஊர்வலத்தில் பாண்டு செட்டின் கிளாரினெட்டைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். அங்கே நம் காதில் விழுவது பெரும்பாலும் அதன் மேல்குரல்தான். எனக்குப் பிரியமானது கீழ்க்குரல். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

புல்லாங்குழலில் வைத்த விரலை எடுக்காமல் காற்றை அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். நாகஸ்வரத்திலும் அப்படித்தான். கிளாரினெட்டில் அப்படி இல்லை. மந்தர ஸட்ஜத்தைப் பிடித்தபடி, இடது கட்டைவிரல் நுனியால் பின்பக்கக் கீயை, அதாவது துளையைத் திறந்து மூடும் உலோகப் பொத்தானை, அழுத்தினால் வருவது மத்திய ஸ்தாயிப் பஞ்சமம்! நாகஸ்வரம் கீழே போகப் போக அகலும். கிளாரினெட்டின் உட்துளை பெரும்பாலும் ஒரே அகலம். ரீட், அதாவது ஊதும்போது அதிரும் நாணல் சீவல், இருக்கும் முனை அடைபட்டது மாதிரி. அதனால்தான் இந்தத் தாவல்.

அந்தக் கீயை அழுத்தாதபோது பேசுவது கீழ்க்குரல், அழுத்தும்போது பேசுவது மேல்குரல். இந்தத் தாவலால் இரண்டு குரல்களுக்கும் நடுவே சில ஸ்வரங்கள் மாட்டிக்கொள்கின்றன. குழலின் மேல்பாகம் மட்டுமே பேசுவதால் அவை கொஞ்சம் மெலிவு. அதைத் தாண்டி அடுத்த ஸ்வரத்துக்குப் போக, திறந்திருந்த துளைகளையெல்லாம் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் கீச்சிடும். கற்றுக்கொள்கிறவர்கள் திணறுவது இங்கேதான்.

கீழ்க்குரலுக்கு வருகிறேன். வியன்னாவில் ஆன்டன் ஸ்டாட்லர் என்ற வித்வானுக்கு அந்தக் குரல்மேல் அப்படி ஒரு மோகம். வழக்கமான கிளாரினெட்டைவிட இன்னும் கீழே போகிற வாத்தியத்தை வைத்திருந்தார். அவருக்காகத்தான் இசையமைப்பாளர் மோட்ஸார்ட் 1791-இல் தம் கிளாரினெட் கான்செர்ட்டோவை, அதாவது கிளாரினெட் முன்னின்று வாசிக்க வாத்தியக் குழு சேர்ந்திசைக்கும் படைப்பை, எழுதினார். அதில் வாத்தியம் உச்சியில் பாடிக்கொண்டே இருக்கும். சட்டென்று அடியாழத்துக்கு இறங்கிப் பதில் சொல்லும். இருவர் உரையாடுவது போலவே கேட்கும். 1801-இல் அச்சிட்டபோது, சாதாரண வாத்தியத்துக்கு எட்டாத அந்த ஆழ்ந்த ஸ்வரங்களை மேலே தூக்கி மாற்றிவிட்டார்கள். மோட்ஸார்ட் கைப்பட எழுதிய பிரதியும் கிடைக்கவில்லை. எனக்கு இது பெரிய இழப்பு. நல்லவேளை, இப்போது நீண்ட வாத்தியங்களைச் செய்து, கீழ் ஸ்வரங்களை ஊகித்து மீட்டு வாசிக்கிறார்கள். கிடைத்தால் அதையே கேளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. மேல்குரலுக்கும் மேலே ஓர் உச்சக்குரல் உண்டு, கூர்மையானது. அதை இன்று தொட முடியவில்லை. ஏ.கே.சி. நடராஜன் அவர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கீகள் நிறைந்த இந்த வாத்தியத்தில் கமகத்தோடு ராகம் வாசித்தவர். 2022-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய ஆலாபனையைக் கேட்கும்போது, கீழிருந்து மேலே போகிற அந்த இடத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். வணக்கம்.