படித்துறைக்குத் திரும்பிய ஊர்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இன்றைக்கு ஹூஸ்டன் நகரின் மையப் பகுதியான டவுன்டவுனைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் சிலர், "அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். நம்மில் பெரும்பாலோர் சுகர்லேண்ட், கேட்டி, பேர்லண்ட் போன்ற புறநகர்களில் குடியிருக்கிறோம். மீனாட்சி அம்மன் கோயில் பேர்லண்டில். மளிகைக்கு ஹில்கிராஃப்ட். டவுன்டவுனுக்கு நீதிமன்றத்தில் ஜூரி டியூட்டி வந்தால் போவோம், இல்லை ஏதாவது ஆட்டம் பார்க்கப் போவோம். அதற்கு மேல் கிடையாது.

எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. ஊரிலிருந்து என் சித்தப்பா வந்திருந்தபோதுதான் அது மாறியது. அவர் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மால், கடற்கரை எல்லாம் காட்டி முடித்த பிறகு, சபைன் தெருப் பாலத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் இருக்கும் பழைய தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1926இல் இந்த நகரத்துக்குக் குடிநீர் சேமிக்கக் கட்டியது. 1.5 கோடி காலன் கொள்ளும். உள்ளே 25 அடி உயரத்தில் 221 தூண்கள். கசிவைச் சரிசெய்ய முடியாமல் 2007இல் கைவிட்டார்கள். பிறகு இடிப்பதாகவே இருந்தது. பஃபலோ பையூ பார்ட்னர்ஷிப் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு அதைக் கண்டெடுத்து, நகராட்சியோடு பேசி, 2016இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தூண்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். தரையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார்கள். அதில் தூணின் நிழல் தலைகீழாக விழுந்து, தூண் இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். பேசினால் குரல் சுவரெல்லாம் சுற்றிவிட்டு வரும். எதிரொலி அடங்க 17 நொடி ஆகிறது. ஒரு சின்னப் பையன் "அம்மா" என்று கூப்பிட்டான், கூட்டமே வாயை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் ஓயும் வரை நின்றது. சித்தப்பாவும் நின்றார். வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஏம்ப்பா, இதை யாரு தெனமும் பாத்துக்கிறாங்க?"

அவர் வேலை பார்த்த காலம் முழுக்கத் திறப்பு விழாக்களைப் பார்த்தவர். கல்வெட்டு வைப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள், அடுத்த வருஷம் போனால் மதகு துருப்பிடித்துக் கிடக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த ஊர் பிறந்ததே, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓடும் பஃபலோ பையூ என்ற ஓடையின் கரையில்தான். 1836இல் ஆலன் சகோதரர்கள், ஒயிட் ஓக் பையூவும் பஃபலோ பையூவும் கலக்கும் இடத்தில் நிலம் வாங்கி நகரம் போட்டார்கள். அந்தப் படித்துறைக்கு இன்றும் ஆலன்ஸ் லேண்டிங் என்றுதான் பெயர். பையூ என்றால் ஆறு என்று சொல்லிவிட முடியாது. மெதுவாக நகரும், மண் நிறத்தில் இருக்கும், மழை வந்தால் ஒரே ராத்திரியில் ஆளை விழுங்கும். அந்தத் தண்ணீரை நம்பி வளர்ந்த ஊர் அப்புறம் அதற்கே முதுகைக் காட்டிக்கொண்டது. கொல்லைப்புறத்தை எப்படி வைத்திருப்போமோ அப்படி வைத்திருந்தார்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து மற்ற பல பையூக்களை நேராக்கிக் கான்கிரீட் போட்டுக் கால்வாயாக்கினார்கள். பஃபலோ பையூவுக்கும் அதே கதி வந்திருக்கும். 1960களில் டெர்ரி ஹெர்ஷி என்ற பெண்மணி முன்னின்று எதிர்த்தார். அப்போது இந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த, பின்னாளில் ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ் வரை பேசி, அந்த வேலைக்குப் பணம் வராமல் தடுத்தார். இன்று கரையில் மரம் நிற்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் ஒரு குடிமகள் சும்மா இருக்காததுதான். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே தெருவின் கதையோ வேறு. டவுன்டவுனுக்கு அடியில் 6 மைலுக்கு மேல் சுரங்க நடைபாதை ஓடுகிறது. சுமார் 20 அடி ஆழத்தில், ஏசி குளிரில், கட்டடத்துக்குக் கட்டடம் போகலாம். சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தகம், மருந்துக் கடை எல்லாம் கீழேயே. வெயிலுக்குச் சுகம்தான். ஆனால் நடக்கிறவர்கள் எல்லாம் கீழே போய்விட்டால் மேலே கடை போட்டவனிடம் யார் வாங்குவார்கள்? 1980களில் எண்ணெய் விலை சரிந்து, கட்டடங்கள் காலியாகி, மாலையானால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லாமல் போனது. காலி மனை எல்லாம் கார் நிறுத்துமிடம்.

அந்த நேரத்தில்தான் சில அமைப்புகள் உருவாயின. 1983இல் சென்ட்ரல் ஹூஸ்டன் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு. 1986இல் பஃபலோ பையூ பார்ட்னர்ஷிப். 1995இல் டெக்சஸ் சட்டமன்றம் வழியாக டவுன்டவுன் டிஸ்ட்ரிக்ட். கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த எல்லைக்குள் சொத்து வைத்திருப்பவர்கள் வழக்கமான வரி போக இன்னொரு தொகை கட்டுகிறார்கள். அந்தப் பணம் அந்தப் பகுதிக்குள்ளேயே செலவாக வேண்டும்: நடைபாதை கழுவ, குப்பை எடுக்க, மரம் வைக்க, ராத்திரியில் ரோந்து போக. நகராட்சி செய்யும் வேலைக்கு மேல் இது கூடுதல்.

வந்த மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1977இல் மூடிய ரைஸ் ஹோட்டல் 1998இல் அடுக்குமாடி வீடுகளாகத் திறந்தது. 2004 புத்தாண்டு அன்று மெயின் தெருவில் ரயில் ஓடத் தொடங்கியது. 2008இல் மாநாட்டு மண்டபத்துக்கு எதிரே 12 ஏக்கரில் டிஸ்கவரி கிரீன் பூங்கா வந்தது. அதையும் ஒரு லாப நோக்கில்லாத அமைப்புதான் நடத்துகிறது.

பஃபலோ பையூ பூங்காவில் கொஞ்சம் நிற்கலாம். 160 ஏக்கர். 2015இல் வேலை முடிந்தது. செலவு சுமார் 5.8 கோடி டாலர், அதில் 3 கோடியைக் கிண்டர் அறக்கட்டளை கொடுத்தது. அவர்கள் போட்ட நிபந்தனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டி முடித்த பிறகு வருஷா வருஷம் பராமரிக்க யார் பணம் தருவது என்பதை முதலில் எழுதிக் கொடுங்கள், அப்புறம்தான் எங்கள் பணம் என்றார்கள். டவுன்டவுனில் சொத்து மதிப்பு ஏறுவதால் கூடுதலாக வரும் வரியில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கினார்கள். என் சித்தப்பாவின் கேள்வியை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள்! பெயர் பொறித்த கட்டடத்துக்கு நன்கொடை தர ஆள் கிடைப்பார்கள். துடைப்பத்துக்குக் கிடைப்பது கஷ்டம். நம் கோயில் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அந்தப் பூங்காவின் விளக்குகளைக் கவனித்திருக்கிறீர்களா? பௌர்ணமிக்கு வெள்ளையாக எரியும், நிலா தேயத் தேய நீலமாகும். அமாவாசை அன்று கரை முழுக்க நீலம். வாவ் டிரைவ் பாலத்தில் அந்தி நேரத்தில் வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து வரலாம்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. இங்கே இருக்கிற எல்லோருக்கும் அந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களில் இருந்து திறந்துவிட்ட தண்ணீரால் பூங்கா வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. வடிந்த பிறகு போனேன். நடைபாதை எங்கே என்று தெரியவில்லை, மேலே சாம்பல் நிறச் சேறு. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மரக்கிளைகளில் பிளாஸ்டிக் பைகள் கொடி கட்டினது மாதிரி தொங்கின. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அந்தப் பைகள்தான் அடையாளம். அந்த வருஷம்தான் முதல் தடவை தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். சேறு காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும், ஈரம் இருக்கும்போதே வாரிவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற தோட்டக்காரர் சொல்லிக்கொடுத்தார். மின்சாரப் பெட்டிகளை உயரத்தில் வைத்ததும், வெள்ளத்தைத் தாங்கும் கம்பிகளும் பெஞ்சுகளும் போட்டதும், ஆழமாக வேர் விடும் இந்த மண்ணின் செடிகளை நட்டதும் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இந்தப் பூங்காவை வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். வந்து போன பிறகு கழுவ ஆளும் பணமும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் குடிமராமத்து என்று சொல்வார்களே, எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது.

எல்லாமே சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பொது நிலத்தைத் தனி அமைப்பு ஒன்று நடத்தும்போது, பணம் கொடுத்தவரின் குரல் கொஞ்சம் ஓங்கிக் கேட்கும். அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பூங்கா முதலில் வசதியானவர்கள் இருக்கும் மேற்குப் பக்கம்தான் வந்தது. கிழக்கே ஃபிஃப்த் வார்டு, செகண்ட் வார்டு மக்கள் காத்திருந்தார்கள். 2022இல்தான் கிழக்குப் பகுதிக்கு 31 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார்கள், அதில் 10 கோடி கிண்டர் அறக்கட்டளையுடையது. அங்கே எனக்கு ஒரு பயம் உண்டு. பூங்கா வந்தால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேற வேண்டி வரும். அந்தத் திட்டத்திலேயே குறைந்த வாடகை வீடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் அது போதுமா என்று அந்தத் தெருக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் கூட்டம் போடும்போது நாமும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த ஊரில் நாம் வீடு வாங்கியிருக்கிறோம், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறோம். சேறு வாரும் வேலையில் மட்டும் நம் முகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகச் சொல்கிறேன்.

சித்தப்பா இப்போதும் போனில் அந்தத் தொட்டியைப் பற்றி விசாரிப்பார். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, கசிவு கூடியிருக்கிறதா, இதுதான் அவர் கேட்பது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை சபைன் தெருப் பாலத்தடியில் காலை 8 மணிக்கு நான் நிற்பேன். வருகிறவர்கள் பழைய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். கையுறை என் வண்டியில் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.