கிண்டர் ஸ்கௌட்: கரைந்துபோகும் மேடு

வணக்கம் நண்பர்களே. காற்றின் இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டின் மேல் இருக்கிறேன்.

இந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறேன். இருபுறமும் என் தலைக்கு மேல் நிற்கும் இந்தக் கறுப்புச் சுவர் பாறை அல்ல, பீட் மண். செத்த பாசியும் புல்லும் நீரில் ஊறி, மக்காமல் படிந்து உண்டானது. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்; இந்தச் சுவரின் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிகிறேன். விரலிடுக்கில் வழிகிற தண்ணீரைப் பார்த்தீர்களா? மேலே காய்ந்து கிடப்பதும் இதே மண்தான். தொட்டால் உதிர்கிறது, காற்று அள்ளிக்கொண்டு போகிறது.

மழையும் காற்றும் எப்போதும் இருந்தவைதானே, பிறகு ஏன் இந்த அரிப்பு? மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்டு. தொழிற்புரட்சி தொடங்கி அங்கே எரித்த நிலக்கரியின் கந்தகப் புகையெல்லாம் இந்த மேட்டில்தான் வந்து இறங்கியது. பீட்டை உண்டாக்குவதும் மூடிக் காப்பதும் ஸ்பாக்னம் பாசி. அந்த நஞ்சில் அது பெருமளவு அழிந்தது. காட்டுத்தீ, ஆட்டு மேய்ச்சல், நம்மைப் போல நடக்க வருகிறவர்களின் கால்கள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தையும் கெடுத்தன. அரித்த மண் நீர்த்தேக்கங்களில் போய்ப் படிகிறது, குடிநீரும் பழுப்பாகிறது.

இதோ, ஓடையின் குறுக்கே கல் தடுப்பு. 'மூர்ஸ் ஃபார் த ஃப்யூச்சர்' என்ற கூட்டமைப்பு 2003 முதல் இந்த மேடுகளில் வேலை செய்கிறது. ஹெலிகாப்டரில் கல் மூட்டை வந்து இறங்கும். வெற்று மண்ணில் சுண்ணாம்பும் உரமும் புல் விதையும் தூவுவார்கள். புல் மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு பாசி நாற்று. தடுப்புக்குப் பின்னால் தேங்கிய குட்டையின் ஓரத்தில் அந்தப் பச்சை, அதுதான் ஸ்பாக்னம். விரல் வைத்தால் உள்ளே போகிறது.

பென்னைன் வே நடைபாதையில் பல இடங்களில் பழைய நூற்பாலைகளின் தரைக்கற்களைப் பதித்திருக்கிறார்கள். பாசியைக் கொன்ற ஆலைகள் கல்லையாவது கொடுத்தனவே!

இங்கே வருகிறவர்கள் அடுப்பு மூட்டும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால், அது மண்ணுக்கடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். 2018இல் அருகிலுள்ள சாடில்வொர்த் மூர் என்ற மேட்டு நிலத்தில் பிடித்த தீயை அணைக்க ராணுவமே வரவேண்டியிருந்தது. சரி, மேகம் இறங்குகிறது. இந்தப் பள்ளங்களுக்குள் மாட்டினால் திசையே தெரியாது, நான் கிளம்புகிறேன்.