பெயர் ஒன்று, ஆள் வேறு: ஃபைனல் ஃபேன்டசியின் வழிவழி மரபுகள்

அவையோருக்கு வணக்கம்.

1987 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பானியக் காணொளி விளையாட்டுத் தொடரின் முதல் பாகம் வந்தது. 2023இல் பதினாறாம் பாகம் வந்தது. இந்த இரண்டுக்கும் கதையில் என்ன உறவு என்று கேட்டால், ஓர் உறவும் இல்லை. உலகம் வேறு, நாடுகள் வேறு, மனிதர்கள் வேறு. சண்டையிடும் முறைகூட வேறு. முதல் பாகத்தில் நம் முறை வரும்போது கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். பதினாறில் வாளை நொடிக்கு நொடி நாமே வீசுகிறோம். அப்படியிருந்தும் இந்தத் தொடரோடு வளர்ந்தவர்கள் எந்தப் பாகத்தைத் திறந்தாலும் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல உணர்கிறார்கள். அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கதை முடிவுகள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இன்னும் விளையாடாதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காது. முதல் பாகத்தில் கடத்தப்பட்ட இளவரசியை மீட்டுக் கொண்டுவந்த பிறகு, அரசர் வடக்கே ஒரு பாலம் கட்டிக்கொடுக்கிறார். அந்தப் பாலத்தில் கால் வைக்கும்போதுதான் திரையில் விளையாட்டின் பெயரே வருகிறது. இசையமைப்பாளர் நோபுவோ உஎமாட்சுவின் இசை எழுகிறது. அதுவரை நடந்ததெல்லாம் பாயிரம், நூல் இனிமேல்தான் என்று சொல்லாமல் சொல்கிறது அந்தக் காட்சி. அந்த மெட்டும், படிப்படியாக ஏறி இறங்கும் ‘பிரெலூட்’ என்ற தொடக்க இசையும், சண்டையில் வென்றதும் முழங்கும் வெற்றி ஒலியும் பாகம் பாகமாகத் திரும்பி வந்திருக்கின்றன. 2020இல் வந்த ஏழாம் பாகத்தின் மறுஆக்கத்தில், சண்டை முடிந்ததும் நாயகனின் தோழன் பேரெட் அந்த வெற்றி மெட்டைத் தன் வாயாலேயே பாடுகிறான். பின்னணியில் ஒலித்த இசை ஒரு பாத்திரத்தின் நாவுக்கே வந்துவிட்டது.

அடுத்தது சோகோபோ, சவாரி செய்யும் அந்த மஞ்சள் பறவை. 1988இல் இரண்டாம் பாகத்தில் அறிமுகமானது. அதன் மீது ஏறிப் போனால் வழியில் எதிரிகள் தாக்க மாட்டார்கள். இறங்கினால் பறவை தன் காட்டுக்கு ஓடிவிடும். அவ்வளவுதான் அன்று அதன் வேலை. ஐந்தாம் பாகத்தில் அதன் மெட்டு மாம்போ ஆனது, ஆறில் டெக்னோ, ஒன்பதில் உக்குலேலே. ஏழாம் பாகத்தில் பறவைகளை இணைசேர்த்து வளர்த்தால் ஒன்று மலை ஏறும், ஒன்று ஆறு கடக்கும். தலைமுறைகள் தாண்டிப் பிறக்கும் தங்க நிறப் பறவை கடலையே கடக்கும். அதில் ஏறி வரைபடத்தின் மூலையில் இருக்கும் வட்டத் தீவில் முதன்முறை இறங்கும்போது வரும் பெருமிதம், எந்தப் பேரரக்கனை வீழ்த்தினாலும் வராது என்பது என் கருத்து.

மந்திரப் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபயர், ஃபயரா, ஃபயராகா. பிளிஸார்ட், பிளிஸாரா, பிளிஸாகா. நம் இலக்கணத்தில் பகுதியும் விகுதியும் போல, ‘ரா’ வந்தால் ஒரு படி மேல், ‘கா’ வந்தால் இன்னொரு படி மேல். ஒரு பாகத்தில் கற்ற மொழி அடுத்த உலகத்திலும் செல்லும். நாம் வரவழைக்கும் தெய்வசக்திகளின் பெயர்கள் பல நாட்டுத் தொன்மங்களிலிருந்து வந்தவை: அரபுக் கதைகளின் இஃப்ரிட், வடபுல ஐரோப்பாவின் ஓடின். சிவா என்ற பெயர் நம் காதில் விழுந்ததும் நாம் நினைப்பது ஒன்று, திரையில் வருவது பனியை ஆளும் ஒரு பெண். முதல் தடவை எனக்கு அது திடுக்கிடலாக இருந்தது. பிறகு புரிந்தது: இந்தத் தொடர் பெயர்களை எடுத்து வேறு உடலில் குடியேற்றுகிறது. தன் சொந்தப் பெயர்களையும் அப்படித்தான் நடத்துகிறது.

அதற்கு விலக்கு ஒருவன்தான், கில்காமேஷ். 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தில் எக்ஸ்டெத் என்ற பேரெதிரியின் அடியாளாக, ஒரு பெரிய பாலத்தின் மேல் நம்மை மறிக்கிறான். புகழ்பெற்ற எக்ஸ்காலிபர் வாள் என்று நம்பி ஒரு வாளை ஓங்கி வெட்டுகிறான். திரையில் சேதம் ‘1’ என்று வருகிறது. வாள் போலி! தோற்றவனை எசமானனே உலகங்களுக்கு இடையிலான வெட்டவெளிக்குள் தள்ளிவிடுகிறான். எட்டாம் பாகத்தில், ஓடினை சைஃபர் என்ற எதிரி இரண்டாகப் பிளக்கும் கணத்துக்குப் பிறகு, வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒருவன் இறங்குகிறான். அதே கில்காமேஷ். அவனிடம் இருக்கும் நான்கு வாள்களில் ஒன்று அதே போலி வாள். அது வந்துவிட்டால் சேதம் மறுபடியும் ‘1’. மற்றவர்களுக்குப் பெயர் மட்டும்தான் உலகம் தாண்டுகிறது. இவன் ஆளாகவே தாண்டி அலைகிறான்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் மனிதருக்கு வருகிறேன். சிட்.

முதல் பாகம் முதன்முதலில் வந்தபோது அதில் சிட் இல்லை. இரண்டாம் பாகத்தில் ஆகாயக் கப்பலின் சொந்தக்காரராக வந்தார். அதிலிருந்து ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சிட். நான்காவதில் ஆகாயக் கப்பல் கட்டும் தாடிக்காரப் பொறியாளர்; நண்பர்கள் தப்பிப்பதற்காக வெடிகுண்டோடு கப்பலிலிருந்து குதிப்பவர். ஏழில் விண்வெளிக் கனவு கைகூடாத விமானி. எட்டில் பள்ளித் தலைவர். ஒன்பதில் பூச்சியாக மாற்றப்பட்ட ஆட்சியாளர். பன்னிரண்டில் எதிரி. இந்தக் கடைசி மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இயந்திரமும் அறிவும் கொண்ட அன்பான மனிதர் என்று ஏறக்குறைய இருபது ஆண்டு பழகிய பெயரை எதிரிக்குக் கொடுக்கத் துணிவு வேண்டும்.

ஆனால் என் மனத்தில் நிலைத்தவர் ஆறாம் பாகத்தின் சிட். பேரரசுக்காக மந்திர ஆராய்ச்சி செய்தவர். உலகம் சிதைந்து ஓர் ஆண்டு கழித்து, ஒரு தனித்தீவில் நம் நாயகியரில் ஒருத்தியான செலீஸ் கண் விழிக்கிறாள். அருகில் இருப்பவர் இவர் ஒருவர்தான், அவரும் நோயாளி. அவரைத் தாத்தா என்று அழைக்கிறாள். கடற்கரைக்குப் போய்க் கையால் மீன் பிடித்து வர வேண்டும். வேகமாக நீந்தும் மீன் அவரைத் தேற்றும். மெதுவாக நீந்துவது எளிதில் அகப்படும், ஆனால் அவர் நிலையை மோசமாக்கும். யாரும் இதை நமக்குச் சொல்லித்தருவதில்லை. எளிதில் கிடைத்த மீனை அன்போடு கொண்டுபோய்க் கொடுத்து, நாமே அவரைச் சாகவிடலாம். நான் அப்படித்தான் முதல் தடவை இழந்தேன். எந்தச் சிட்டையும் அவ்வளவு நெருக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ஆகாயக் கப்பலைப் பற்றி ஒரு வருத்தமும் உண்டு. அதே ஆறாம் பாகத்தில், அழிந்த உலகத்தில், ஒரு கல்லறைக்குள் இறங்கித்தான் ஃபால்கன் என்ற கப்பலை மீட்கிறோம். அது எழும்பியதும் சிதறிப்போன நண்பர்களைத் தேடி எந்தத் திசையிலும் போகலாம். 2001இல் வந்த பத்தாம் பாகத்தில் உலக வரைபடமே போய்விட்டது. கப்பல் இருக்கிறது, ஏறினால் ஊர்ப் பெயர்களின் பட்டியல் வருகிறது. பத்தாம் பாகத்தை நான் நேசிக்கிறேன். ஆனாலும் அங்கே மரபின் கூடு மட்டும் நின்றது, பறத்தல் போய்விட்டது.

பளிங்குக் கற்களுக்கு வருகிறேன். தொடக்கத்தில் நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகிய நான்கின் ஒளியைக் காப்பதே வீரர்களின் கடமை. ஐந்தாம் பாகத்தில் அவற்றைக் காப்பாற்ற ஓடுகிறோம், ஆனால் அவை ஒவ்வொன்றாக உடைகின்றன. அந்தச் சில்லுகளிலிருந்தே நமக்குப் புதுத் திறன்கள் கிடைக்கின்றன. பதினாறாம் பாகம் இதைத் தலைகீழாகத் திருப்பியது. அங்கே தாய்ப் பளிங்குகள் நிலத்தின் உயிரை உறிஞ்சுகின்றன. அவற்றை உடைப்பதே நாயகர்களின் வேலை. அந்தத் திட்டத்தை வகுத்து நடத்துபவர் பெயர் சிட்.

மேல்மூச்சு வாங்கப் புகை பிடித்துக்கொண்டு, அடிமைகளுக்கு ஒளிவிடம் அமைத்து, அவர்கள் மனிதர்களாகவே சாகலாம் என்று நம்பிய அந்த மனிதர், கதையின் பாதிக்கு முன்பே கொல்லப்படுகிறார். ஐந்து ஆண்டுகள் ஓடுகின்றன. சிட் என்ற சட்டவிரோதி இன்னும் பளிங்குகளை உடைத்துத் திரிவதாக நாடுகள் அஞ்சுகின்றன. யார் அவர் என்று பார்த்தால், கதையின் நாயகன் கிளைவ். இறந்தவரின் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் விட்ட வேலையைத் தொடர்கிறான். சிட்டின் மகள் மிட் ஒரு கடற்கப்பலைக் கட்டி அதற்கு என்டர்பிரைஸ் என்று பெயரிடுகிறாள். நான்காம் பாகத்தில் அந்தத் தாடிக்காரர் கட்டிய ஆகாயக் கப்பலுக்கும் அதுதான் பெயர். மிட்டுக்கு அந்தத் தாடிக்காரரைத் தெரியாது. பெயரைக் கேட்டதும் என் கை கட்டுப்பாட்டுக் கருவியில் அப்படியே நின்றுவிட்டது.