தண்ணி போற பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் பற்றிப் பேச ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் சில பேர் வால்யூமைக் குறைத்திருப்பீர்கள். பணக்காரர் ஆட்டம், நமக்கு எதற்கு என்று. ஐம்பது வயது வரை நானும் அந்தக் கட்சிதான். நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறதே, அதைத் தாண்டித்தான் முப்பது வருஷம் பஸ்ஸில் ஆபீஸ் போனேன். ஒருநாள்கூட உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு நண்பர் ஒருவர் விருந்தாளியாக அழைத்துப் போனார். முதல் வீச்சில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, என் சட்டைப் பித்தான்தான் பறந்தது. அன்றிலிருந்து பைத்தியம்.

சென்னையில் ஆடிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். நம் ஊர் தரை சமதளம். நந்தனமானாலும் சரி, தலைமுறை தலைமுறையாக ரேஸ் மைதானத்தின் உள்வட்டத்தில் ஆடிய கிண்டியானாலும் சரி, இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கும். மத்தியானம் கடல்காற்று கிளம்பினால்தான் கொஞ்சம் சோதனை. இந்தத் தெம்போடு ஊட்டிக்குப் போனேன் பாருங்கள், அங்கேதான் மாட்டினேன்.

ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம் 18 குழிகள் கொண்டது. கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே. அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்துக்குத் தடையும் குறைவு. நந்தனத்தில் 130 கெஜம் போகிற அதே அடி, அங்கே 10, 15 கெஜம் கூடப் போய் விழுகிறது. முதல் இரண்டு குழியில் எனக்கு ஒரே பெருமை. மூன்றாவதில், போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் முள்ளுக்குள் விழுந்தது.

அந்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ஸ் என்று பெயர். மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, பார்க்க அவ்வளவு அழகு. வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து வைத்தது, நீலகிரியின் சொந்தப் புல்வெளியைத் தின்றுகொண்டு பரவிவிட்டது. கோல்ஃப் ஆடுபவனாக அதை ரசிக்கிறேன், மலையை நேசிப்பவனாக அது இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். என் மச்சான் வீராப்பாகப் பந்தை எடுக்க உள்ளே போனார். பந்து கிடைக்கவில்லை. அன்று ராத்திரி ஓட்டல் அறையில் டார்ச் அடித்து, அவர் முழங்காலிலிருந்து முள் பிடுங்கியதுதான் மிச்சம். ஸ்கோரில் ஒரு அடியை அபராதமாக ஏற்றுக்கொண்டு வெளியே பந்தை வைத்து ஆட விதியே இடம் தருகிறது. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று எங்களைக் கரை சேர்த்தவர் கேடிதான். கேடி என்றால் நம்மூரில் வேறு அர்த்தம், போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டுவார்களே அந்தக் கேடி. இவர் பையைத் தூக்கி வந்து, எந்த ஸ்டிக் எடுக்க வேண்டும் என்று யோசனை சொல்கிறவர். அறுபது வயதிருக்கும், தலையில் கம்பளிக் குல்லாய். குழிக்குப் பத்தடியில் என் பந்து. நான் குனிந்து, நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வலப்பக்கம் சரிகிறது என்று முடிவு கட்டினேன்.

"சார், இடப்பக்கம்."

"இல்லண்ணே, நல்லாத் தெரியுதே, வலப்பக்கம்தான் இறக்கம்."

"மழை பெஞ்சா இங்க தண்ணி எங்க சார் ஓடும்? அந்தப் பள்ளத்துக்குத்தானே? பந்தும் தண்ணி போற பக்கம்தான் போகும்."

போயிற்று. மலையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது, கண் அந்தச் சாய்வையே சமதளம் என்று எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் இருக்கிற சின்ன மேடுபள்ளம் தலைகீழாகத் தெரிகிறது. இதை எனக்கு எந்தப் பயிற்சியாளரும் சொன்னதில்லை. இன்னொன்றையும் அவரே சொன்னார்: சரிவில் நிற்கும்போது பந்து காலைவிட உயரத்தில் இருந்தால், வலக்கை ஆட்டக்காரருக்கு அது இடப்பக்கம் இழுக்கும். தாழ இருந்தால் வலப்பக்கம் ஓடும். எனவே மலை மைதானத்துக்குப் போகிறவர்கள் புது ஸ்டிக் வாங்குகிற காசில், உள்ளூர் கேடிக்குத் தாராளமாகக் கொடுங்கள். 1991-ல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 2009-ல் வென்ற முனியப்பா, இரண்டு பேருமே ஒரு காலத்தில் பை தூக்கியவர்கள்தான்.

குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில் ஒரு மைதானம், மூணாறில் தேயிலைக்கு நடுவே ஹை ரேஞ்ச் கிளப்பின் 9 குழி மைதானம், இரண்டும் ஒரு காலை வேளைக்குச் சரி. வடக்கே போகிறவர்களுக்கு குல்மார்க், 2,650 மீட்டர் உயரம். சிம்லாவைத் தாண்டி நால்டேரா, கர்சன் பிரபு அந்த இடத்தில் மயங்கி மகளுக்கே அந்தப் பெயரை வைத்தார். தேவதாரு மரங்களுக்கு நடுவே பந்தைத் தேடுவது ஒரு தனி உத்தியோகம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, அங்கே ஓல்ட் கோர்ஸ் என்கிற பழைய கோல்ஃப் மைதானம் பொதுச் சொத்து என்பதும், ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடு நடந்து போகலாம் என்பதும்தான். நம் கிளப்புகளுக்கு இந்த யோசனையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் இலங்கை. கொழும்பில் 1879-ல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப், மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் நாம் நிற்க வேண்டும். நுவரெலியாவில் 1889-ல் தொடங்கிய கிளப், ஊருக்கு நடுவில், உயரமான மரங்களுக்கிடையே சந்துபோன்ற வழிகள். இங்கே தூரம் அடிப்பவனுக்கு வேலையில்லை, நேராக அடிப்பவனுக்குத்தான் மரியாதை. தோட்டத்துத் தமிழ் காதில் விழுவது கூடுதல் சுகம். கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் விக்டோரியா, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இறங்கும் மைதானம். நான் பார்த்தவற்றில் அழகு அதுதான் என்பேன், மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

போகுமுன் இரண்டு வார்த்தை. பெரும்பாலானவை கிளப் மைதானங்கள், முன்கூட்டியே போன் போட்டு விருந்தினருக்கு இடம் உண்டா, கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலர் வைத்த சட்டை கட்டாயம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, அதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கொடைக்கானல் என்றதும் ஞாபகம் வருகிறது. தூண் பாறைக்குப் போகிற வழியில் 1895-ல் தொடங்கிய கிளப். மேடும் இறக்கமும், பனிமூட்டமும். பத்தடி தள்ளி ஆள் தெரியாது, திடீரென்று திரை விலகியதுபோல் எல்லாம் தெரியும். அப்படி விலகியபோதுதான் பார்த்தோம், என் பந்துக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நான்கு கால்கள், முதுகில் பனித்துளி. கேடி கையைக் காட்டி எங்களை நிறுத்தி, பையைக் கீழே வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். மச்சான் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று, அது நகரவில்லை. கடைசியில் நாங்கள்தான் சுற்றிக்கொண்டு அடுத்த குழிக்குப் போனோம். அந்த ஸ்கோர் அட்டை இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது, ஒரு கட்டம் மட்டும் காலியாக.

நன்றி, வணக்கம்.